வணக்கம், உங்கள் செய்திக்கு நன்றி

எங்கள் கம்பனி வளர்ந்தது சாவில்தான். இப்படிச் சொன்னால் கோசலாவுக்குப் பிடிக்காது. வாடிக்கையாளர் முன்னால் அவள் அதைச் 'சமூகத் தகவல் சேவை' என்பாள். சேவையாவது கத்தரிக்காயாவது. யாராவது செத்தால் எங்கள் பேஸ்புக் பேஜில் படத்தோடு போடுவோம். அதைப் பார்க்க ஊர்ப்பட்ட ஆள் வரும். வந்த ஆளுக்கு அடுத்ததாகப் புடவைக் கடையைக் காட்டுவோம். அவ்வளவுதான் தொழில்.

பெயர் கொழுந்து மீடியா. ஹட்டன் பஜாரில் கோசலாவின் அப்பா சண்முகராஜா முதலாளியின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறோம். கீழேயிருந்து கருவாட்டு வாசம் ஏறி வரும். வெளியாள் வருகிற நாளில் ஊதுபத்தி கொளுத்துவோம். அன்றைக்குக் கருவாடும் ஊதுபத்தியும் சேர்ந்து நாறும். நாங்கள் நாலு பேர். கோசலா விளம்பரம் பிடிப்பாள், பேசுவாள், கணக்குப் பார்ப்பாள். நான் விஜிதரன், தொழிலில் அவளுடைய பங்காளி. படம் வடிவமைப்பது, எழுதுவது, பேஜ் எல்லாம் என் பொறுப்பு. திலக்‌ஷன் கமராவும் ட்ரோனும். தனுஜா போன் எடுப்பாள், பேஜுக்கு வருகிற செய்திகளைப் பார்ப்பாள்.

ஆரம்பத்தில் இறந்தவர்களைப் போடவேண்டும் என்று எங்களுக்கு ஒரு திட்டமும் இல்லை. லிந்துலைப் பக்கத்து பஸ் டிரைவர் ஒருவர் இறந்தபோது, தெரிந்தவர் கேட்டார் என்று ஒரு அறிவித்தல் செய்து பேஜில் போட்டேன். பொழுது சாய்வதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. எங்கள் ஆட்கள் இன்றைக்கு ஒரு இடத்திலா இருக்கிறார்கள்? மகன் கொழும்பில் கடையில், மகள் குவைத்தில் யார் வீட்டு அடுப்படியிலோ, தம்பி கட்டுநாயக்காவில் தையல் பெக்டரியில். முன்பு தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் ஊர் ஊராகச் சொல்ல ஆள் அனுப்புவார்கள். அப்புறம் போனில் சொன்னார்கள். எங்கள் பேஜ் வந்த பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். படத்தை எங்களுக்கு அனுப்பினால் போதும், உலகத்துக்கே சொன்ன மாதிரி. நாங்களும் இதற்குக் காசு வாங்கவில்லை. சனம் எங்களை விட்டு நகரவேயில்லை.

எனக்கு மட்டும் ஒன்று நடந்தது. முதல் முதலில் ஒவ்வொரு படத்தையும் உற்றுப் பார்ப்பேன். இவர் யார், எப்படிச் செத்தார், பிள்ளைகள் சின்னதா என்று மனம் அடித்துக்கொள்ளும். பிறகு அது நின்றுவிட்டது. வயதானவர் என்றால் நீல வானம், இளசு என்றால் ரோசாப்பூ, பெண் என்றால் ஓரத்தில் குத்துவிளக்கு. ஒரு தாய் போனில் கதறிக்கொண்டே மகனின் பெயரைச் சொல்கிறாள், நான் "படம் தெளிவா இல்லைங்கம்மா, வேற இருக்குங்களா?" என்று கேட்கிறேன். கெட்ட புத்தியில் கேட்கவில்லை. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அந்த மாதிரி உள்ளே ஏதோ மரத்துவிட்டது. காலாவது உதறினால் சரியாகும்.

இப்படியே ஓட்டியிருக்கலாம். ஆனால் கம்பனி என்றால் வளரவேண்டுமாம். பஜார்க் கடைகளை வைத்துக்கொண்டு நாலு பேருக்குச் சம்பளம் போட முடியாது. அதிலும் ஒவ்வொரு முதலாளிக்கும் விளம்பரத்தில் தன் முகம் வரவேண்டும், மகன் முகம் வரவேண்டும், கடைசி மூலையில் இடம் கிடந்தால் சாமான் வரலாம். இதற்கு நடுவே சண்முகராஜா முதலாளி மகளிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். சித்திரை கழிந்தும் ஒழுங்கான வேலை ஒன்று பிடிக்காவிட்டால் மேல்மாடியைச் சீனி மூட்டை அடுக்க எடுத்துக்கொள்வாராம். கண்டியில் ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார். மூட்டைக்கு இடம் கிடைத்துவிடும், மகளுக்கும் இடம் கிடைத்துவிடும், எங்கள் மூன்று பேருக்குத்தான் இடம் கிடையாது.

அந்த நேரத்தில்தான் ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். கந்தப்பளைப் பக்கம் பழைய துரை பங்களாக்களை வாங்கி, பளிங்கு போலத் துடைத்து, வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற கொழும்புக் கம்பனி. அவர்களுக்கு உள்ளூரிலேயே ஒரு விளம்பரக் குழு வேண்டுமாம், இரண்டு வருட ஒப்பந்தம். அவர்களுடைய மேடம் எங்கள் ஊதுபத்திக் கருவாட்டு அறையில் உட்கார்ந்து பேஜை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு சாவு. ஒரு சாவு. தேங்காய் எண்ணெய் விலைக்கழிவு. ஒரு சாவு.

உங்கள் பேஜுக்கு இவ்வளவு ஆள் வருவது ரொம்ப நல்ல விஷயம், ஆனால் எங்கள் விருந்தாளிகள் இதைப் பார்த்தால் மலைநாட்டுக்குச் சாகத்தான் வரவேண்டும் என்று நினைப்பார்கள் என்றார் மேடம். பேஜை அப்படியே தேயிலைக்கும் பனிக்கும் பங்களாவுக்கும் மாற்றினால் வேலை உங்களுக்கு. இனிமேல் சாவு போடமாட்டோம் என்று அறிவிக்கவும் வேண்டாம், அதுவும் ஒரு துக்கச் செய்திதானே, சத்தம் காட்டாமல் நிறுத்திவிடுங்கள் என்றார்.

அவர் போன பிறகு கோசலா என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு விஜி. லயத்து ஆளுங்க ஒங்க ஆளுங்க. போடாம விட்டா ஏசுவாங்களா?"

"ரெண்டு நாளைக்கு ஏசுவாங்க. அப்புறம் வேற பேஜ் பாத்துக்குவாங்க."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் இன்னும் கொஞ்சம் வாதாடுவேன் என்று எதிர்பார்த்தாள் போல. எனக்கு வாதாட ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் என்னிடமிருந்து 'சரி' வந்துவிடும். பேஜுக்குச் செய்தி அனுப்புகிறவர்களுக்குத் தானாகவே பதில் போகிற மாதிரி ஒன்றைத் தயார் செய்தேன். மாலை வடை சாப்பிட்டுக்கொண்டே எழுதியது அது. 'வணக்கம்! உங்கள் செய்திக்கு நன்றி. மலைநாட்டின் அழகை எங்களோடு சேர்ந்து கொண்டாடுங்கள்!' பக்கத்தில் ஒரு கொழுந்தும் ஒரு சிரித்த முகமும் வைத்தேன். கோசலாவுக்குப் பிடித்திருந்தது. மேடத்துக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

செத்தவர்கள் நிற்கவில்லை. தனுஜா இரண்டு மூன்று தடவை வந்து சொன்னாள்.

"விஜி அண்ணே, சாவு வந்துக்கிட்டே இருக்கு. என்னா செய்ய?"

"விடு. போடலன்னு தெரிஞ்சா நின்னுரும்."

"ஒண்ணும் சொல்லாம எப்புடி அண்ணே தெரியும்?"

"தெரியும் தெரியும்" என்றேன்.

என் தாய்மாமன் சோலைமலைக்குத்தான் முதலில் தெரிந்தது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அத்தையும் மாமாவும் இருந்தார்கள். அம்மா போன பிறகு எனக்கு வீடு என்று சொல்ல அதுதான். மாமாவுக்குத் தை மாதத்திலிருந்தே நெஞ்சுச் சளி, இழுப்பு. ஆனால் மனிதர் ஒரு சாவை விடமாட்டார். தெரிந்தவனோ தெரியாதவனோ, கேள்விப்பட்டால் அரை நாள் சம்பளம் போனாலும் சரியென்று அரைப் பேரோடு வேலையைப் போட்டுவிட்டு, வெள்ளைச் சாரமும் குடையுமாகக் கிளம்பிவிடுவார். "நல்லதுக்குச் சொன்னாத்தான் போகணும், கெட்டதுக்குச் சொல்லாட்டியும் போகணும்" என்பார். பொழுது போனதும் லயத்தில் அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவில் இருக்கிற மதுரனின் போனில் எங்கள் பேஜைப் பார்ப்பார். எனக்குப் போனில் பேசினால், "இன்னைக்கு யார வித்த மருமகனே?" என்றுதான் தொடங்குவார்.

நாங்கள் நிறுத்திய மறுவாரம் பேசினார்.

"என்னாடா, ஊர்ல ஒருத்தருமே சாகலியா?"

"இல்ல மாமா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். ஞாயிறு மேடம் ஒரு கூட்டம் வைத்தார். அடுத்த ஞாயிறு என்றேன்.

அதற்கிடையில் படப்பிடிப்பு நாள் வந்தது. மேடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு மாதிரி வீடியோ கேட்டார். பங்களாவைச் சுற்றிக் கொஞ்சத் தேயிலை அவர்களுக்கே சொந்தமாக இருந்தது. கொழுந்தெடுக்கிற இரண்டு அம்மாக்களைக் கூட்டிப் போனோம். மேடம் அவர்களுடைய வெற்றிலைப் பல்லைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இளமையாக யாரும் இல்லையா என்றார். கடைசியில் தனுஜா தலையில் கயிறு மாட்டிக் கூடையைத் தொங்கவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா இருபது வருடமாகக் கொழுந்தெடுக்கிறவள். மகள் அன்றுவரை ஒரு இலையும் கிள்ளியதில்லை.

"எங்கம்மா பாத்துச்சின்னா செருப்பாலேயே அடிக்கும்" என்றாள் தனுஜா, பல்லைக் காட்டிச் சிரித்தபடி. அந்தச் சிரிப்பைத்தான் மேடம் வேண்டும் என்றார். கூட்டி வந்த இரண்டு அம்மாக்களும் ஓரமாக நின்று, "கூடை வழுகுது புள்ள, கயித்த மேல ஏத்து" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பனி விலகி நல்ல வெயில். அந்தப் பள்ளத்தில் போனுக்கு ஒரு சொட்டு சிக்னல் கிடையாது, பங்களாவுக்குள் மட்டும் வைபை. விடியுமுன்பே வந்து இறங்கிய நாலு பேரும் பகல் முழுக்கத் தேயிலைக்குள்தான் நின்றோம். மாலைத் தேநீருக்கு மேடம் உள்ளே கூப்பிட்டார். எடுத்ததில் ஒரு துண்டைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்பதால் என் போனை வைபையில் போட்டேன். படபடவென்று எல்லாம் வந்து விழுந்தன. பேஜின் செய்திப் பெட்டியைத் திறந்தேன்.

மேலேயே மாமாவின் படம் இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்தது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் தோன்றியது, படம் தெளிவாக இல்லை என்பதுதான்.

மதுரன் அனுப்பியிருந்தான். 'அண்ணே, சோலமல மாமா காலையில தவறிட்டாங்க. மூணு மணிக்கு எடுக்கிறோம். பேஜ்ல போட்டு விடுங்க.'

அதற்குக் கீழே: 'வணக்கம்! உங்கள் செய்திக்கு நன்றி. மலைநாட்டின் அழகை எங்களோடு சேர்ந்து கொண்டாடுங்கள்!'

'அண்ணே, ஒங்க போன் வேலை செய்யல. வந்துக்கிட்டு இருக்கீங்களான்னு அத்த கேக்குறாங்க.'

'வணக்கம்! உங்கள் செய்திக்கு நன்றி.'

'பேஜ்ல இன்னும் வரல அண்ணே. வெளி ஆளுங்க ஒருத்தரும் வரல.'

'வணக்கம்!'

'மழ இருட்டிக்கிட்டு வருது. இனி வச்சிருக்க ஏலாது. எடுக்கிறோம் அண்ணே.'

அதற்கும் வணக்கம் சொல்லியிருந்தேன். கொழுந்தும் சிரித்த முகமும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒழுங்காக இருந்தன.

கோசலா கேக் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். போனை அவள் பக்கம் நீட்டினேன். "மாமா செத்துட்டாரு" என்றேன். தண்ணீர் வந்துவிட்டது, கரண்ட் போய்விட்டது என்று சொல்வோமே, அந்தக் குரலில்தான் சொன்னேன். எனக்கே அது கேட்டது.

அவள் படித்தாள். எழுந்துபோய் மேடத்திடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். மேடம் வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். மாலை வெளிச்சத்தில் எடுக்கவேண்டிய ஒரு காட்சி மட்டும் மிச்சம், அதை அந்தப் பையன் எடுத்துவிடுவான்தானே என்று கேட்டார். திலக்‌ஷனும் தனுஜாவும் அங்கேயே நின்றார்கள். நானும் கோசலாவும் சண்முகராஜா முதலாளியின் வேனில் கிளம்பினோம்.

நுவரெலியா, நானுஓயா, லிந்துலை. வழி நெடுக மழை. கோசலா ஓட்டினாள். லிந்துலை தாண்டும்போது, "ஒண்ணு பேசு விஜி" என்றாள்.

"என்னா பேச?"

"ஏசவாவது ஏசு. அந்தம்மா சொன்னத கேட்டது நாந்தானே."

"நாந்தானே சரின்னு சொன்னேன்."

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வருமா என்று உள்ளே தடவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அறிவித்தலுக்கு எந்தப் பின்னணி போடலாம் என்பது மட்டும் வந்து வந்து போனது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

லயத்துக்கு ஏறும்போது பொழுது மங்கிவிட்டது. மயானத்துக்குப் போனவர்கள் திரும்பிக் குளித்துவிட்டு நின்றார்கள். ஆட்கள் உட்காரக் கோயிலிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரைகள் வாசலில் அடுக்கியபடியே மழையில் நனைந்துகொண்டிருந்தன. பிரித்துப் போடவே தேவைப்படவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு நாலைந்துதான் பிரித்துப் போட்டுக் கிடந்தன. நான் நேரே மதுரனிடம் போனேன்.

"எப்ப அனுப்புன?"

"விடிஞ்சதுமே அனுப்பிட்டேன் அண்ணே. ஒங்களுக்கும் ஒரு தரம் அடிச்சுப் பாத்தேன். அப்புறம் எல்லாரும், பேஜே அவன்ட கையில இருக்கு, சாவு போடுறவனுக்குத் தனியா வேற சொல்லணுமான்னு இருந்துட்டோம். வேற ஆளுங்களுக்கும் சொல்லல. பேஜ்ல வந்தா எல்லாரும் வந்துருவாங்கன்னுதானே."

"யாரு யாரு வந்தாங்க?"

"நம்ம லயத்து ஆளுங்க மட்டுந்தான் அண்ணே."

ஊரெல்லாம் போய் ஊரார் பாடைக்கெல்லாம் தோள் கொடுத்த மனிதரை, பக்கத்துக் காம்பராக்காரர்கள் மட்டும் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறார்கள்.

வீரம்மா அத்தை வாசலை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோசலா போய் அவளுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தாள். முதலாளி மகள் சிமெந்துத் தரையில் உட்காருவதைப் பார்த்து யாரோ பாயை எடுக்க ஓடினார்கள். நான் தூணோரம் உட்கார்ந்தேன். அத்தை அழவில்லை. குரல் காய்ந்து போயிருந்தது.

"அழக்கூட ஆளு வரலய்யா" என்றாள். "நெருங்குன சனம் ஒண்ணு வந்தாத்தானே கட்டிப்புடிச்சு ஒரு பாட்டம் அழலாம். இங்கன இருக்கிறவங்களோட காலையில அழுது முடிச்சாச்சு. அப்புறம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். கந்தப்பளை நாத்தனா வருவா, தலவாக்கலைக் கொழுந்தன் வருவாருன்னு. ஒருத்தரும் வரல. என்னய்யா அவரு அப்புடி பாவம் செஞ்சாரு?"

என்ன சொல்ல? அவர் ஒரு பாவமும் செய்யவில்லை அத்தை, விருந்தாளிகள் பார்த்தால் நல்லாயிருக்காது என்று சொல்லவா?

"இப்பவாவது போடுய்யா. போனது போச்சு. நாலு சனத்துக்குத் தெரியட்டும்."

போனை எடுத்தேன். அறிவித்தலைச் செய்ய எனக்கு ரொம்ப நேரம் ஆகாது. பெயர், தோட்டம், யாருடைய கணவர், யாருக்கு மாமனார், குவைத்தில் இருக்கிற மகள் ஜீவராணி. செய்து முடித்துவிட்டுக் கோசலாவைப் பார்த்தேன்.

"எங்கணக்குல போடவா?"

அவளுக்குப் புரிந்தது. பேஜில் முந்தின நாள் இரவுதான் பங்களாவின் முதல் படத்தைப் போட்டிருந்தோம். மேடம் அதை மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருப்பார். கையெழுத்து இன்னும் விழவில்லை.

"ஒங்கணக்குல எத்தன பேரு பாப்பாங்க?"

"கொஞ்சப் பேருதான்."

கோசலா அத்தையைப் பார்த்தாள், வாசலில் அடுக்கியிருந்த கதிரைகளைப் பார்த்தாள். "பேஜ்ல போடு" என்றாள்.

இஸ்தோப்பின் தண்ணீர்ப் பீப்பாய் மூலையில் மட்டும் சிக்னல் பிடிக்கும் என்று மதுரன் காட்டினான். அங்கே நின்று போட்டேன். பங்களாவுக்கு மேலே மாமா வந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று வந்தது, இரண்டு வந்தது, அப்புறம் கைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"வாறாங்களா?" என்று அத்தை கேட்டாள்.

"வாறாங்க அத்த. எழுதுறாங்க."

"யாருன்னு படி."

"கந்தப்பளை நாகலெட்சுமி. 'ஐயோ அண்ணே, தெரியாம போச்சே' ன்னு போட்டிருக்காங்க."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள், வாசலில் ஆள் வந்து நிற்கிற மாதிரி.

"வாடியம்மா... நாகலெட்சுமி... ஒங்க அண்ணன் போயிட்டாரேடி... ஒன்னய காணாம போயிட்டாரே..."

யாரும் சிரிக்கவில்லை. நான் அடுத்ததைப் படித்தேன். தலவாக்கலை சின்னராசா. அவரையும் அத்தை கூப்பிட்டு, தம்பி என்று சொல்லி அழுதாள். கொழும்பிலிருந்து சண்முகவடிவு. அவளோடு ஒரு பாட்டம். சவூதியிலிருந்து யாரோ, பெயர் தெரியவில்லை, படத்தில் பூ மட்டும் இருந்தது. அவரையும் வா என்றாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறை சொல்லி, ஒரு உறவு சொல்லி அழுதாள். பக்கத்துக் காம்பராப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்து உட்கார்ந்தார்கள். கோசலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். நான் காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் கூப்பிடுகிற தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி நின்று படித்துக்கொண்டிருந்தேன். குரல் எங்கேயும் தடுமாறவில்லை.

நடுவில் கோசலாவின் போன் சத்தம் போட்டது. பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினாள். மேடம்தான். உங்கள் துக்கத்தில் நாங்களும் பங்கெடுக்கிறோம், ஆனாலும் அந்தப் பதிவைத் தயவுசெய்து உடனே எடுத்துவிடுங்கள், மேலிடத்தில் பார்த்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்.

"என்னா சொல்ல?" என்று கேட்டாள் கோசலா. "நீயும் பங்காளிதானே விஜி. நீ சொல்லு."

இத்தனை மாதமும் வாய்க்குள் தயாராக நிற்கிற அந்த 'சரி' அப்போதும் நுனிநாக்குவரை வந்தது. மேல்மாடி, சீனி மூட்டை, தனுஜா, திலக்‌ஷன், கண்டி மாப்பிள்ளை எல்லாம் எனக்குத் தெரியும். அத்தை அடுத்த பெயருக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்க மாட்டோம்னு சொல்லு."

கோசலா தலையை ஆட்டினாள். எழுதி அனுப்பிவிட்டு, போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள். அந்த வேலை கையைவிட்டுப் போய்விட்டது என்று எங்கள் இருவருக்கும் அப்போதே தெரியும். அப்பாவிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

பெயர்கள் குறைந்து வந்தன. அத்தை தண்ணீர் வாங்கிக் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒம் பேரு வரலியேய்யா?"

"நான் இங்கதானே இருக்கேன் அத்த."

"நீ எங்க வந்த? வந்த ஒடனே மதுரங்கிட்ட போயி எப்ப அனுப்புனன்னு கேட்ட. அப்புறம் தூணோரம் ஒக்காந்த. எங்கிட்ட வரவே இல்லையே."

அவள் சொன்னது சரிதான். வந்ததிலிருந்து அவள் கையை நான் தொடவேயில்லை.

போனை மதுரனிடம் கொடுத்தேன். இஸ்தோப்பைவிட்டு இறங்கி, வாசலைத் தாண்டிப் பாதைவரை போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கேயிருந்து திரும்பி, சாவுக்கு வருகிறவன் வருவது போல மெதுவாக ஏறி வந்தேன். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அத்தைக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

"வாய்யா... மருமகனே... வருவான் வருவான்னு கண்ண வாசல்லயே வச்சிக்கிட்டுக் கெடந்தாரேய்யா..."

என் கைகளைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஏதாவது சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த துக்கச் சொல்லெல்லாம் எழுதுகிற சொல். ஆழ்ந்த இரங்கல், ஈடுசெய்ய முடியாத இழப்பு. வாயில் வைத்துச் சொல்ல ஒன்றுகூட இல்லை.

"அத்த" என்றேன். இன்னொரு தரம் "அத்த" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அத்தைக்கு அது தெரிந்துவிட்டது. அழுவதை நிறுத்தி, ஈரமான கையால் என் முதுகைத் தடவினாள்.

"வரும்யா" என்றாள். "இரு. வரும்."